மழை எந்தப் பக்கமிருந்து வந்தது

இந்தக் காலத்து ஜனங்களுக்கு மூச்சு விடுவதற்குக்கூட ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நடக்க ஒரு வகுப்பு, சிரிக்க ஒரு வகுப்பு. பெரிய ஊர்களில் காலை நேரத்தில் வட்டமாக நின்று, கையைத் தூக்கிக்கொண்டு, காரணமே இல்லாமல் சிரிக்கிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரன் இருக்கிறானா போனானா என்று எட்டிப் பார்க்க நேரமில்லாதவன், கண்ணை மூடிக்கொண்டு தன் வயிறு ஏறி இறங்குவதைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் மனசுக்கு நல்லது என்கிறான்.

வேலூரில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் சின்ன அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீரன் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எதிரே சத்யப்ரியா என்ற பெண். நோயாளிகளுக்குத் தைரியம் சொல்வதுதான் அவளுக்கு வேலையாம். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுக்கச் சொன்னாள். வீரன் கையை வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய பெண்சாதி பாஞ்சாலை, யாரும் கேட்காமலே வயிற்றின்மேல் கையை வைத்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

வீரன் ஆரணிக்காரர். ஊரில் பாதிப் பேர் பட்டுத் தறியில் உட்கார்ந்திருக்க, அவரும் பாஞ்சாலையும் அரிசி ஆலைக் களத்தில் வெயிலில் நின்றவர்கள். அவித்த நெல்லைப் பரப்பி, காலால் துழாவி, காயவைத்து அள்ளுவது வேலை. கால் சூடு தெரியாமல் இருக்க வாயில் புகையிலை அடக்கிப் பழகினார். அது கன்னத்தின் உள்பக்கம் புண்ணாகி, ஆறாமல் நின்று, கடைசியில் புற்று என்றார்கள். அறுத்து எடுத்தாகிவிட்டது. மிச்சம் மீதி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கருக்க, தினம் வந்து கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் விட்டால் நோய் திரும்ப முளைக்கும் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

ஆனால் வீரன் முதல் நாளே எழுந்து ஓடிவிட்டார்.

நடந்தது இதுதான். தலை அசையாமல் இருக்க ஒரு முகமூடி செய்திருந்தார்கள். சுடுதண்ணீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் அழுத்தி, அது மூக்கு முழியோடு அப்படியே இறுகியிருந்தது. செய்த அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டு வைக்கும் நாளில் மேசைமேல் படுக்கவைத்து, அந்த வலையை மூடி, இரண்டு பக்கமும் மேசையோடு சேர்த்து மாட்டினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார். பிறகு மிஷின்கார இளைஞன் கோகுல்ராஜ் காலடிக்குப் போய் என்னவோ செய்தான். உடனே வீரன் கையைத் தூக்கி ஆட்டினார், உதைத்தார், வலைக்குள்ளிருந்து உறுமினார். அவிழ்த்துவிட்டதும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தவர் பஸ் நிலையத்தில்தான் நின்றார். பாஞ்சாலை அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

அடுத்த நாள் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை செய்யும் மகன் அன்பரசு போன் போட்டுக் கெஞ்சினான். வீரன் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். கெஞ்சிப் பயனில்லை என்று பாஞ்சாலைக்குத் தெரியும். மறுநாள் காலையில் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் காகிதப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"நீ வராட்டி போ," என்றாள். "நான் போயி உன் சீட்டுல உக்காந்துட்டு வரேன். உன்ன கூப்புட்டாங்கன்னா, செத்தாலும் வரமாட்டேன்னுட்டாருன்னு சொல்லிட்டு வரேன்."

சொன்னபடியே பஸ் ஏறிவிட்டாள். வீரன் திட்டிக்கொண்டே அடுத்த பஸ்ஸில் போனார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தால், அவள் கூட்டத்துக்கு நடுவே அவருக்கென்று ஒரு நாற்காலியைப் பிடித்து, அதன்மேல் தன் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் வந்ததைப் பார்த்துப் பையை எடுத்தாள். அப்படித்தான் இருவரும் சத்யப்ரியாவின் அறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

சத்யப்ரியா கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். அலை வந்து காலை நனைக்கிறது, மணல் மெத்து மெத்தென்று இருக்கிறது என்று இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"கடலா," என்றார் வீரன். "ஒரு தபா போனேன். புதுச் செருப்ப அடிச்சிகினு போயிடிச்சி."

அருவி என்று சொல்லிப் பார்த்தாள். அருவியை அவர் பார்த்ததே இல்லை. பூந்தோட்டம் என்றாள். அவர் வேட்டி முனையை இழுத்துவிட்டுக்கொண்டார். வேறு யாராவது இருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். வந்தவாசிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் அவள். முரட்டுக் கிழவர்களோடு பேசி வளர்ந்தவள்போல. கண்ணை மூடச் சொன்னதை விட்டுவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஐயா, முகமூடி போட்டப்ப நீங்க சும்மாதான் இருந்தீங்கன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் என்ன ஆச்சுங்க?"

"அவரு பயப்புட மாட்டாரும்மா," என்றாள் பாஞ்சாலை. "பேஜார்தான் பண்ணுவாரு."

வீரன் தரையைப் பார்த்தார். இதைச் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தார். சொன்னால் வாய்விட்டுக் கூப்பிட்டதுபோல் ஆகிவிடும் என்று பயம். ஆனால் அந்தப் பெண் அடுத்த கேள்வியைக் கேட்காமல் காத்துக்கொண்டே இருந்தாள்.

"மூஞ்சிய மூடுங்க, நெஞ்ச கட்டுங்க, இன்னா வோணா பண்ணுங்க," என்றார் கடைசியில். "அந்தப் பையன் ரெண்டு காலயும் ஒண்ணா சேத்து வார் போட்டு கட்றான். கட்டவெரலும் கட்டவெரலும் ஒட்டிக்கினு நிக்குது. எங்க ஊட்ல அது எப்ப கட்டுவாங்கன்னு உனுக்குத் தெரியுமா? எங்கப்பனுக்கு நான்தான் கட்டினேன். எங்க அண்ணனுக்கும் நான்தான் கட்டினேன். மூச்சு போன பின்னாடி."

பாஞ்சாலையின் கை வயிற்றிலிருந்து இறங்கியது. இது அவளுக்கே தெரியாது. சத்யப்ரியா அவருடைய பாதங்களைப் பார்த்தாள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கட்டுவார்கள், எனக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனாள். டாக்டரிடம் பேசினாள். கோகுல்ராஜையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பாதம் இரண்டு பக்கமும் சாயாமல் உடம்பு நேராக இருக்கத்தான் அந்த வார் என்றான் அவன். இவருக்கு முட்டிக்குக் கீழே ஒரு திண்டு வைத்தாலே போதும், கட்ட வேண்டாம் என்றான். பிறகு தயங்கி நின்று, தப்பா நெனச்சிக்காதீங்க ஐயா என்றான். வீரன் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தன்னைவிட இவ்வளவு சின்னவன் ஒருவன் அதுவரை அவரிடம் இப்படிச் சொன்னதில்லை.

சத்யப்ரியா அதையே பயிற்சியாக மாற்றிவிட்டாள். மிஷின் ஓடத் தொடங்கும்முன் கால் விரல்களை இறுக்கி மடக்க வேண்டும், பிறகு விட வேண்டும். அடுத்து கெண்டைக்கால், அடுத்து தொடை, அடுத்து கை. இறுக்குவது, விடுவது, அவ்வளவுதான். வீரனுக்கு இது ஒரு வேலையாகவே தோன்றவில்லை. ஆனாலும் மேசைமேல் படுத்து, முகத்தை வலை கவ்வியதும், அவருடைய கால் விரல்கள் தாமாகவே மடங்கி விரிந்தன. தனித்தனியாக விரிந்தன. இதோ ஆடுகிறது பார், கட்டப்படவில்லை பார் என்று யாருக்கோ காட்டுவதுபோல் ஆட்டினார்.

ஆனால் மிஷின் ஓட ஆரம்பித்தால் எதையும் ஆட்டக்கூடாது. எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள். கதவு கனமாக மூடுகிறது. தலையைச் சுற்றி அந்த இரும்புக் கை மெல்ல வட்டமிடுகிறது. அன்றைக்குப் பாதியில் வீரன் கையைத் தூக்கிவிட்டார். நிறுத்தி, ஓய்வு கொடுத்து, மீதியை முடித்தார்கள். தினமும் இப்படி நிறுத்தி நிறுத்திப் போனால் அவர் மறுபடியும் ஓடிவிடுவார் என்று பாஞ்சாலைக்குத் தெரிந்தது. அவர் படியிறங்கும்போதே பஸ் நிலையம் இருக்கும் பக்கத்தைப் பார்க்கிறார்.

அப்போது சத்யப்ரியா கேட்டது அவரை அல்ல, பாஞ்சாலையை. இவர் சந்தோஷமாக இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று போனை நீட்டினாள். அதைப் பதிவு செய்து உள்ளே ஸ்பீக்கரில் போடலாம் என்றாள். பாஞ்சாலை வெகுநேரம் யோசித்தாள். சந்தோஷமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். பிறகு போனை வாயருகே வைத்துக்கொண்டு, அடுத்த தெருவில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் சத்தமாகப் பேசினாள்.

மறுநாள் வலை மூடியபின், குளிர்ந்த அந்த அறையில், மேலேயிருந்து பாஞ்சாலையின் குரல் இறங்கியது.

"த பாருய்யா, நான்தான் பேசறேன். அன்பரசு கைக்கொயந்தையா இருந்தப்ப ஒரு நாளு களம் பூரா நெல்லு காயப் போட்டுருந்தோம் இல்ல. அன்னிக்கி மழ வந்துச்சே. படவேட்டு மலப் பக்கமா கருக்கினு வந்துச்சே. நான்தான மொதல்ல பாத்தேன்."

வீரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலைப் பக்கமா? மலை இருப்பது மேற்கே. அன்றைக்கு மழை வந்தது கிழக்கே, வந்தவாசிப் பக்கமிருந்து. பார்த்தவர் அவர். இந்த வழக்கு இருவருக்கும் கல்யாணமாகி இரண்டாம் வருஷத்திலிருந்து நடக்கிறது. வழக்கமாக அவள் இதைச் சொல்ல வாயெடுத்ததுமே அவர் அடக்கிவிடுவார். இப்போது வாயைத் திறக்க முடியாது. தாடை மேசையோடு பூட்டியிருக்கிறது. அவள் பாட்டுக்கு அளந்துகொண்டே போகிறாள். தான் சத்தம் போட்டதும்தான் எல்லோரும் நெல் தள்ளும் பலகையை எடுத்துக்கொண்டு ஓடினார்களாம். நனையாமல் நெல்லைக் குவித்து மூடியதும் முதலாளி எல்லோருக்கும் பக்கோடா வாங்கிக் கொடுத்தாராம்.

பக்கோடாவா. மசால் வடை. அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் மனசுக்குள் சாட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். காலையில் இருந்தே கிழக்குக் காற்று. களத்தின் வேலியில் காயப்போட்டிருந்த குழந்தையின் துணி மேற்கே பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. அவித்த நெல்லின் வாசனை. உள்ளங்காலில் ஒட்டும் சூடு. முதல் சொட்டு விழுந்ததும் சிமெண்டுத் தரையிலிருந்து எழுந்த ஆவி. பலகையை இவர் முன்னால் இழுக்க, பாஞ்சாலை பின்னால் அழுத்தினாள். தார்ப்பாயை இழுத்து மூடிய மறு நிமிஷம் மழை கொட்டியது. எல்லோரும் கொட்டகையில் ஒண்டி நின்றார்கள். சாக்குத் தொட்டிலில் குழந்தை எழுந்திருக்காமல் தூங்கிக்கொண்டிருந்தான். நெல் தப்பித்த சந்தோஷத்தில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். பாஞ்சாலையின் முடியிலிருந்து தண்ணீர் சொட்டி, கையிலிருந்த மசால் வடைமேல் விழுந்தது. மசால் வடை. பக்கோடா என்றால் காகிதத்தில் அல்லவா கட்டி வந்திருக்கும்.

கதவு திறந்தது. கோகுல்ராஜ் வந்து கொக்கிகளைக் கழற்றினான். முடிந்துவிட்டது ஐயா என்றான். வீரன் நம்பவில்லை. வெளியே வந்து, வீங்கிய கன்னத்தோடு பாஞ்சாலையைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "பொய்யி."

அதற்குப் பிறகு அவர் கையைத் தூக்கவில்லை. ஆனால் அதே பேச்சைத் திரும்பப் போடக்கூடாது என்றார். மூச்சுப் பயிற்சியெல்லாம் வெத்து, நான் என்பாட்டுக்குப் படுத்திருந்தேன் என்றார். ஆகவே பாஞ்சாலை தினமும் புதிதாகப் பேசினாள். அவர் முந்தின நாள் பஸ்ஸில் எடுத்துவைத்த சாட்சிகளுக்கெல்லாம் அதில் பதில் இருந்தது. துணி மேற்கே அடித்ததா, வேலியில் துணியே போடவில்லை என்றாள். ஆலையில் வேலை செய்த கிருஷ்ணம்மாளைச் சாட்சிக்கு இழுத்தாள். கிருஷ்ணம்மாள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று வீரன் வலைக்குள் கொதித்தார். கொதித்து முடிப்பதற்குள் மிஷின் நின்றுவிடும்.

வாரங்கள் போகப் போக உடம்பு தேய்ந்தது. கழுத்துத் தோல் கருகியது. வாயெல்லாம் புண். கஞ்சியும் இறங்கவில்லை. பேச முடியாமல் போயிற்று. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நடத்துனர் அந்த இடத்தில் வேறு யாரையும் உட்காரவிடுவதில்லை. பாஞ்சாலை டம்ளரில் கஞ்சியை ஆற்றி ஆற்றி நீட்டுவாள். அவர் தலையை ஆட்டுவார். அவள் ஒன்றும் சொல்லாமல் தூக்கில் ஊற்றி மூடிவிடுவாள். முன்பெல்லாம் திட்டுவாள்.

அப்படி ஒரு நாள் வலைக்குள் படுத்திருந்தபோது ஸ்பீக்கரில் அவள் குரல் மெல்ல வந்தது. வழக்கமான சத்தம் இல்லை.

"சரிய்யா. வந்தவாசிப் பக்கமாவே வெச்சிக்க. நீதான் மொதல்ல பாத்த. வடதான் வாங்கியாந்தாரு."

வீரனுக்கு அது தப்பாகப் பட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரு வேளை, அவள் விட்டுக்கொடுத்ததில்லை. பிரசவ வலியில்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது ஏன் விடுகிறாள்? டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதாவது சொல்லிவிட்டாரா? போகிறவனோடு என்ன வழக்கு என்று முடித்துக்கொள்கிறாளா? கை தூக்கலாமா என்று விரல் துடித்தது. தூக்கினால் நிறுத்திவிடுவார்கள். அவர் தூக்கவில்லை. சத்யப்ரியா சொன்ன மாதிரி வயிற்றுக்குள் மூச்சை இழுத்து, மெல்ல விட்டார். மறுபடி இழுத்தார். அதுவரை வெத்து என்று சொன்னவர், அன்றைக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் அதைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் பாஞ்சாலையின் மணிக்கட்டைப் பிடித்து, சத்யப்ரியாவின் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். வாய் திறக்கவில்லை. மேற்கே எது என்று கண்டுபிடித்து, சுவரைக் கையால் காட்டினார். மலைப் பக்கம், மலைப் பக்கம் என்பதுபோல் சுவரைத் தட்டினார். பாஞ்சாலைக்குப் புரியவில்லை. அவர் புண்ணான நாக்கை எப்படியோ புரட்டினார்.

"வுட்டுக் குடுக்காத."

அவ்வளவுதான் வந்தது. பாஞ்சாலை அவரையே பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையாம். வாயைத் திறக்க முடியாத மனிதரிடம் தினமும் சண்டை போடுவது பாவமாக இருந்ததாம், அதனால் அப்படிப் பேசினாளாம். சத்யப்ரியா டாக்டரையே அழைத்துவந்தாள். எல்லாம் சரியாகத்தான் போகிறது, வாய்ப்புண் இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் வருவதுதான், முடிந்தபின் மெல்ல ஆறும் என்றார் அவர். வீரன் டாக்டரை நம்பினாரோ இல்லையோ, அடுத்த நாள் ஸ்பீக்கரில் வந்த குரலை நம்பினார்.

"மலப் பக்கந்தான்யா. உனுக்குக் கண்ணு அப்பவே நொள்ள. நேத்து ஏதோ போவட்டும்னு சொன்னா, அதப் புடிச்சிக்கினு தொங்காத."

வலைக்குள் வீரனின் தோள் இரண்டும் மெல்ல இறங்கின. கோகுல்ராஜ் வெளியே திரையில் பார்த்துவிட்டு, இன்றைக்குத் தாத்தா தூங்கிவிட்டார் என்று சத்யப்ரியாவிடம் சொன்னானாம்.

கரண்டு வைப்பது முடிந்தது. கோடை கழிந்தது. கழுத்தில் புதுத்தோல் வந்தது. குழைந்த சோறு இறங்கியது. பிறகு ஒரு நாள் சோதனைக்கு வரச் சொன்னார்கள். பார்த்துவிட்டு, இப்போதைக்கு எதுவும் இல்லை, வந்து காட்டிக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். பாஞ்சாலை அங்கேயே தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். வீரன் அவளுடைய குனிந்த முதுகைப் பார்த்தார். மனசுக்குள், ஓடிவந்த அன்றைக்கு அவள் செருப்போடு பின்னால் வராமல் இருந்திருந்தால் என்று நினைத்தார். நாற்காலியைப் பிடித்துவைக்காமல் இருந்திருந்தால் என்றும் நினைத்தார். கணக்கில்லாமல் எத்தனையோ பேர் தன்னை ஒரு குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் விட்டிருக்கிறார்கள் என்று பட்டது. அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது.

சத்யப்ரியாவைப் பார்க்கப் போனார்கள். அவள் அறையில் பெரணமல்லூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். புதிதாக முகமூடி செய்திருக்கிறார்கள். பயந்து நடுங்குகிறார். சத்யப்ரியாவின் முகம் மலர்ந்தது. நீங்களே இவருக்குச் சொல்லுங்க ஐயா, மூச்சுப் பயிற்சியும் மனசுல காட்சி நெனச்சுக்கறதும் எப்படி உதவுச்சுன்னு, என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஒதவலம்மா," என்றார் வீரன். "இவ பொய் சொன்னா. நான் படுத்துக்கினு பதில் சொன்னேன். அதுக்குள்ள மிஷினு நின்னுடிச்சி. இதுல பயிற்சி எங்க கீது?"

"அதைத்தாங்க ஐயா நாங்க பயிற்சின்னு சொல்றோம்."

"சொல்லிக்கோ."

பெரணமல்லூர்க்காரர் யாரை நம்புவது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீரன் அவர் பக்கம் குனிந்து, காலைக் கட்ட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடச் சொன்னார். வீட்டில் யாரோடு அதிகமாகச் சண்டை என்று கேட்டார். தம்பியோடு என்றார் அவர். அவனைப் பேசச் சொல்லு என்றார் வீரன்.

பிறகு நிமிர்ந்து, சத்யப்ரியாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவள் பதறி எழுந்து, ஐயா வேண்டாங்க என்றாள்.

"நல்லா இரு தாயி," என்றார். "உன் வேல மேல எனுக்கு நம்பிக்க இல்ல. உன்மேல கீது."

அதற்கு அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க நிற்கவில்லை. பாஞ்சாலையை வரச்சொல்லித் தலையசைத்துவிட்டு, தாழ்வாரத்தில் நோயாளிகளின் நாற்காலிகளைத் தாண்டி, வெயிலை நோக்கி நடந்தார். மூச்சை இழுப்பதாம், நினைப்பதாம் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டு போனது பாஞ்சாலைக்குக் கேட்டது.